அவள் கை எட்டிய உயரம்

பட்டித் தகட்டின் முனையில் கோலிக்குண்டு அளவு பட்டிக் களிம்பை எடுத்து, பலகைக்கும் பலகைக்கும் நடுவே இருந்த இடுக்கில் வைத்து அழுத்தி, ஒரே இழுப்பில் இடமிருந்து வலமாக வழித்துவிட்டாள் டிக்கெட்டக்கா. இடுக்கு இருந்த இடம் தெரியவில்லை. தகட்டை முந்தானையில் துடைத்தாள். அடுத்த வரிசை. முக்காலியில் ஏறி நின்றபடி இடது கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, வலது கையை எட்டிய மட்டும் நீட்டி வேலை செய்தாள். மழைக்காலம் தொடங்குமுன் வருஷா வருஷம் செய்கிற வேலை. கை தானாகவே போய் வந்துகொண்டிருந்தது.

அந்த ஊரில் கடலோரத்து வீடுகள் மரத்தால் ஆனவை. உள்ளே மரக்கால்களை நிறுத்திச் சட்டம் கட்டி, வெளிப்பக்கம் கீழிருந்து மேலாகப் பலகைகளை அடித்துக்கொண்டே போவார்கள். மேல் பலகையின் அடி விளிம்பு கீழ்ப் பலகையின் தலையைக் கொஞ்சம் மூடியிருக்கும், மீன் செதில் மாதிரி. மழை பலகைக்குப் பலகை வழிந்து தரைக்குப் போய்விடும். எல்லாம் சரிதான். ஆனால் அந்த விளிம்புகளுக்கு அடியில் மெல்லிய இடுக்கு இருக்கும். காற்று அதில் புகுந்து விசிலடிக்கும். டிக்கெட்டக்காவுக்கு அந்த விசில் பிடிக்காது. கடல் பக்கச் சுவருக்கு அந்தண்டை அவள் புருஷன் படுத்திருந்தார்.

அன்று நான்காவதாகத் தொட்ட வரிசையில் ஒரு மூலையில் பட்டியை அழுத்தியபோது தகடு நிற்கவில்லை. உள்ளே போனது. கைப்பிடி வரைக்கும் போனது. அவள் ஒன்றும் பலமாக அழுத்தவில்லை. வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கிவிட்டது. வெளியே இழுத்தபோது தகட்டின் நுனியில் கறுப்பாக, ஈரமாக, தேயிலைச் சக்கை மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. முகர்ந்து பார்த்தாள். பாதாள அறை வாடை.

முக்காலியிலிருந்து இறங்கி, பட்டி டப்பாவை மூடி, கையைக் கழுவிக்கொண்டு பலகை மேஸ்திரிக்கு ஃபோன் போட்டாள். ஐயோ அம்மா என்று தலையில் கை வைத்து உட்காருகிற ரகம் இல்லை அவள்.

படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கிற வேலையில் காலம் முழுக்க இருந்தவள். எதிர்க்கரைக்குப் போகிற படகு ஊதல் ஊதியதும் கவுன்டர் கண்ணாடியை இழுத்து மூடிவிடுவாள். மூடினால் மூடியதுதான். கெஞ்சினாலும் சரி, கத்தினாலும் சரி. ஒரு தடவை மூச்சிரைக்க ஓடிவந்த சொந்த மாமியாருக்கே கண்ணாடியை மூடியவள் என்று ஊரில் பேச்சு உண்டு. அது பொய் இல்லை. "அடுத்த படகு இருக்குல்ல அத்தை, உட்காருங்க" என்று உள்ளேயிருந்து சொன்னாளாம். ஓய்வு பெற்ற பிறகும் ஊர் அவளை டிக்கெட்டக்கா என்றே கூப்பிட்டது. அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

புருஷன் அதே படகில் எஞ்சின்காரர். எஞ்சின் சத்தத்தில் எவர் பேசுவதும் எவர் காதிலும் விழாது. அதனால் படகுக்காரர்களுக்குக் கைப்பாஷை. உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினால் நிறுத்து. விரலைச் சுழற்றினால் கிளம்பு. உள்ளங்கையால் கீழே தட்டினால் மெதுவாக. முஷ்டியை நெஞ்சில் வைத்தால் எல்லாம் நன்றாக ஓடுகிறது. எஞ்சின் அறைக் கதவிலிருந்து அவரும் கவுன்டர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அவளும் காட்டிக்கொண்ட கைதான் கல்யாணத்தில் முடிந்தது. கல்யாணத்துக்குப் பிறகு பேசினார்கள். பேசிய பேச்சில் பாதி சண்டை. கைப்பாஷையில் மட்டும் ஒருநாளும் சண்டை வந்ததில்லை.

அவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்கச் செயலிழந்தபோது, பேச்சில் ஒரே ஒரு சொல் மிச்சமாக நின்றது: "ஆகட்டும்." கஞ்சி வேணுமா என்றால் ஆகட்டும். வேண்டாமா என்றால் ஆகட்டும். வலிக்குதா என்றாலும் அதுவேதான். டாக்டரம்மா இதை ஒரு குறை என்று எழுதிக்கொண்டாள். டிக்கெட்டக்கா சிரித்தாள். "இத்தனை வருஷமா இந்த ஒரு வார்த்தையை வாங்கத்தான் நான் போராடினேன்." இடது கை நன்றாக இருந்தது. நிறுத்து, மெதுவாக, எல்லாம் நலம். ஒரு குடும்பம் நடத்த அது போதும் என்று அவள் கண்டுகொண்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஒரு நர்ஸ் சில வாரம் வீட்டுக்கு வந்து சொல்லிக் கொடுத்தாள். ஆளைத் தூக்காமல் புரட்டுவது எப்படி, முழங்காலுக்கு நடுவே தலையணை எங்கே, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றாவிட்டால் தோல் என்னவாகும், எல்லாம். டிக்கெட்டக்கா டிக்கெட் கட்டைப் போல அதைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை நாளில் அவர் உடம்பில் ஒரு படுக்கைப் புண் இல்லை. யாராவது நலம் விசாரிக்க வந்தால், "முதுகைப் பார்க்கிறீங்களா?" என்று சட்டையைத் தூக்கிக் காட்டிவிடுவாள். வந்தவர் வேண்டாம் என்று சொல்வதற்குள் பார்த்து முடித்திருப்பார்.

*

பலகை மேஸ்திரி நாற்பது தாண்டியவர், பேச்சுக்காரர். திருப்புளியின் பிடியால் சுவரை அங்கங்கே தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டார்.

"என்ன மேஸ்திரி, யாராவது உள்ளே இருக்காங்களா?"

"யாரும் இல்லேக்கா. அதுதான் பிரச்சினை. மரமே இல்லே உள்ளே." திருப்புளியைத் திருப்பிக் குத்தினார். உள்ளே போனது. இரண்டடி தள்ளிக் குத்தினார். அங்கேயும் போனது. "பெயிண்ட்தான் சுவர்னு நின்னுட்டு இருக்கு. நீங்க வருஷா வருஷம் பட்டி பார்த்து, பெயிண்ட் அடிச்சு, வெளியே பளபளன்னு வெச்சிருக்கீங்க. நானே இந்த வழியா போறப்ப பார்த்து, என்னா சுத்தம்னு நினைச்சிருக்கேன்."

"பாராட்டை அப்புறம் வெச்சுக்கலாம். என்ன செய்யணும்?"

"இந்தப் பக்கம் பூராப் பலகையையும் கழட்டிப் புதுசு அடிக்கணும். உள்ளே இருக்கிற அட்டையும் ஊறியிருக்கும், அதுவும் மாத்தணும். ஒரு வாரம். அண்ணன் படுக்கை அந்தப் பக்கம்தானே? அவரை எங்கேயாவது மாத்திருங்க. தூசி, சத்தம், சுவரே இருக்காது."

மாலையில் மகள் ஃபோனில் வந்தாள். நகரத்தில் வங்கியில் வேலை. லிஃப்ட் வைத்த அடுக்குமாடியில் வீடு. அப்பாவுக்கென்று ஒரு அறையை, வீடு வாங்கின நாளிலிருந்தே காலியாக வைத்திருக்கிறாள்.

"அம்மா, இதுக்கு மேல என்ன வேணும்? சுவரே விழுது. அப்பாவை நான் கூட்டிட்டு வந்துடறேன். நீயும் வா."

"ஒரு வாரம் சமையலறையில படுக்கப் போறார். அவ்வளவுதான்."

"அடுப்புப் பக்கத்திலயா? பக்கவாதக்காரரையா?"

"அடுப்புக்குள்ள வைக்கலேடி. பக்கத்தில."

"எனக்குச் சிரிப்பு வரலம்மா. ஒவ்வொரு தடவை ஃபோன் அடிக்கும்போதும் உன் நம்பரான்னுதான் முதல்ல பார்க்கறேன். உனக்கு ஏதாவது ஆனா அவரை யார் புரட்டுவாங்க?"

டிக்கெட்டக்கா ஃபோனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"சரி, இப்படி வெச்சுக்கலாம்," என்றாள் மகள். வங்கியில் ஆட்களைச் சமாளித்துப் பழகிய குரல். "சனிக்கிழமை கார் எடுத்துட்டு வர்றேன். சுவர் ஒழுங்கா எழும்பிட்டு இருந்தா நான் வாயே திறக்க மாட்டேன். இல்லேன்னா அப்பா என்கூட வர்றார். சுவர் சரியானதும் திருப்பிக் கொண்டு வந்து விடறேன். சத்தியமா."

"ஆகட்டும்," என்றாள் டிக்கெட்டக்கா. வீட்டில் தொற்றிக்கொண்ட சொல்.

மகள் பொய் சொல்லவில்லை. திருப்பிக் கொண்டுவந்து விடுவதாகத்தான் அவளும் நம்பினாள். ஆனால் கவுன்டரில் உட்கார்ந்து டிக்கெட்டக்கா பார்த்திராததா? முழங்காலில் போர்வையோடு ஒரு பெரியவர், பக்கத்தில் ஒரு பை, டிக்கெட் வாங்க வரும் மகனோ மகளோ. "கொஞ்ச நாளைக்குத்தான்" என்று கேட்காமலே சொல்வார்கள். எல்லோருக்கும் போவதற்கு மட்டும் டிக்கெட். அந்தப் பெரியவர்களுக்கு வருகிற டிக்கெட்டை அவள் ஒருநாளும் கிழித்துக் கொடுத்ததில்லை. கெட்ட எண்ணத்தால் இல்லை. அங்கே ஒரு டாக்டர் அமைந்துவிடுவார், கட்டில் பழகிவிடும், பயணம் தாங்காது என்று ஒருவர் சொல்வார், அவ்வளவுதான். அவர் இந்த வீட்டில் இருக்க வேண்டும் என்றால் வீட்டை விட்டுக் கிளம்பவே கூடாது. அதற்குச் சனிக்கிழமைக்குள் சுவர் எழும்பத் தொடங்கியிருக்க வேண்டும்.

*

கட்டிலைச் சமையலறைக்கு மாற்றினார்கள். பாத்திர அலமாரி கூடத்துக்குப் போனது. வெள்ளிக்கிழமை காலையில் மேஸ்திரி கீழ் வரிசையிலிருந்து தொடங்கினார். வழக்கமாக மேலிருந்துதான் கழட்டிக்கொண்டு வர வேண்டும். ஆனால் கீழ்ப் பலகைகள் கையால் பிய்த்தாலே வந்துவிட்டன. ரொட்டியைப் பிய்ப்பதுபோல் பிய்த்துப் பின்னால் போட்டுக்கொண்டே போனார். முதலில் பாடிக்கொண்டிருந்தார். பிறகு பாட்டு நின்றது.

டிக்கெட்டக்கா தனக்கும் மேஸ்திரிக்கும் தேநீர் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். மேஸ்திரி ஆணி பிடுங்கியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார்.

"அக்கா, ஆணி சத்தம் போட மாட்டேங்குது."

"போட்டா என்ன, போடாட்டி என்ன?"

"நல்ல மரத்திலிருந்து பிடுங்கினா ஆணி கத்தும். நீங்க கேட்டிருப்பீங்க, கீச்சுனு. இதிலே பாருங்க." ஒரு ஆணியை இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். மாவிலிருந்து தீக்குச்சியை உருவுவதுபோல் வந்தது. "பலகையை விடுங்க. பலகையைத் தாங்கிட்டு நிக்கிற கால் இருக்கே, அதுவும் போச்சு. நெஞ்சு உயரத்துக்குக் குத்திப் பார்த்துட்டேன். மூலையில இருக்கிற ரெண்டு காலைத் தவிர நடுவில நிக்கிற எல்லாமே சொதசொத."

"மாத்த முடியாதா?"

"கூரை இந்தக் கால் மேலதான் உட்கார்ந்திருக்கு. பூராவும் போயிருந்தா கூரையைத் தூக்கி நிறுத்தி, சுவரையே அடியோட எடுத்துட்டுப் புதுசாக் கட்டணும். அது என் ஒருத்தன் வேலை இல்லே. ஆள் வேணும், ஜாக்கி வேணும். அதுக்குள்ள மழை வந்துரும்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் இதிலே ஏணி சாத்த மாட்டேன்க்கா. எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு. அண்ணனை எங்கேயாவது நல்ல இடமாப் பார்த்து மாத்திருங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

டிக்கெட்டக்கா தேநீரை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அடுப்பை அணைத்தாள். புருஷனை இடது பக்கம் புரட்டினாள். முழங்காலுக்கு நடுவே தலையணையை வைத்தாள். அவர் கண் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"மரம் பூரா போச்சாம்," என்றாள்.

"ஆகட்டும்," என்றார். கேள்வி கேட்கிற ஆகட்டும்.

"உங்க மகள் வீட்டுக்கு. கொஞ்ச நாளைக்குத்தான்." சொன்ன பிறகுதான் தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது. எழுந்து போய்ப் பையை எடுத்தாள்.

*

சனிக்கிழமை மகள் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டாள். சுவரைப் பார்த்தாள். கீழ்ப்பாதி திறந்து கிடந்தது. மரக்கால்கள் சொத்தைப் பல் மாதிரி கறுத்து நின்றன. மேல்பாதியில் பலகைகள் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தன. அம்மாவைக் கட்டிக்கொள்ள வந்தாள். அம்மா கையில் மடித்த போர்வை இருந்ததால் போர்வையைத்தான் கட்டிக்கொள்ள முடிந்தது.

அவரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து முற்றத்தில் நிறுத்தியிருந்தார்கள். காரில் சாமான் ஏற்றும்வரை வெயிலில் இருக்கட்டும் என்று. அவருக்கு வேறு வேலை இல்லாததால் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி தன் சாமான்களைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார். மகள் மருந்துப் பெட்டியைக் காரில் வைத்துவிட்டு வந்து நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தாள்.

"போலாமாப்பா?"

அவருடைய இடது கை மேலே எழுந்தது. உள்ளங்கை விரிந்து நின்றது.

"என்னம்மா சொல்றார்?"

"நிறுத்துங்கிறார்," என்றாள் டிக்கெட்டக்கா.

"அப்பா, புரியுது. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா…"

கை இறங்கவில்லை. பிறகு அது சுவரைக் காட்டியது. கையைக் கிடையாக வைத்து, இடமிருந்து வலமாக, காற்றில் ஒரு கோடு இழுத்தார். மறுபடி இழுத்தார். பிறகு மூலையில் கவிழ்ந்து கிடந்த முக்காலியைக் காட்டினார். பிறகு மனைவியைக் காட்டினார்.

"ஆகட்டும்," என்றார். இது அதட்டல்.

"அக்காவை முக்காலியில ஏறச் சொல்றாரா?" என்றார் மேஸ்திரி.

"என்னத்துக்கு? பேச்சுப் போட்டிக்கா?" என்றாள் டிக்கெட்டக்கா. ஆனால் கைப்பாஷையில் அவர் அவளிடம் ஒருநாளும் தப்பாகச் சொன்னதில்லை. எஞ்சின் அறைக் கதவிலிருந்து அவர் நிறுத்து என்று காட்டினால் நிறுத்துவதற்குக் காரணம் இருக்கும். அவள் நாற்காலிக்குப் பின்னால் போய், குனிந்து, அவர் தலை உயரத்துக்குத் தன் தலையை வைத்து, அவர் பார்த்த சுவரைப் பார்த்தாள்.

கிட்டே நின்றால் தெரியாது. இங்கிருந்து தெரிந்தது. பிய்க்காமல் விட்டிருந்த பலகைகளில் கீழ் வரிசைகள் மொழுக்கென்று ஒரே தகடாக இருந்தன. பெயிண்ட் அங்கங்கே கொப்புளம் போட்டு உப்பியிருந்தது. அதற்கு மேலே ஒவ்வொரு பலகைக்கு அடியிலும் பென்சிலால் இழுத்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு, நிழல். கொப்புளமே இல்லை. இரண்டு வீட்டுச் சுவரை ஒட்ட வைத்த மாதிரி இருந்தது.

டிக்கெட்டக்கா முக்காலியை எடுத்துப் போய்ச் சுவரோரம் போட்டாள். ஏறினாள். வலது கையை எட்டிய மட்டும் தூக்கினாள். கொப்புளம் முடிந்து நிழல் தொடங்குகிற அந்த விளிம்பில் அவள் விரல் நுனி சரியாகப் போய் நின்றது.

அவள் கையை இறக்கவில்லை.

"இதுக்கு மேல எனக்கு எட்டாது," என்றாள் கடைசியில். "இதுக்கு மேல நான் பட்டியே வெச்சதில்லே."

மேஸ்திரி வாயைப் பிளந்துகொண்டு நின்றார். பிறகு பெட்டியை அப்படியே போட்டுவிட்டு ஏணியைத் தூக்கினார். நடுவில் சாத்தவில்லை. மூலைக் காலில் சாத்தி, ஒரு காலை ஏணியிலும் ஒரு காலைப் பயத்திலும் வைத்துக்கொண்டு ஏறினார். மேல் வரிசையில் ஒரு ஆணியின் தலையில் பிடுங்கியைக் கொடுத்து நெம்பினார்.

கீச்சென்று கத்தியது ஆணி. தெருக்கோடியில் நாய் குரைத்தது.

"கேட்டீங்களா?" மேஸ்திரி மேலேயிருந்து கத்தினார். "கேட்டீங்களா அண்ணே? கத்துது!" பலகையை எடுத்து உள்ளே திருப்புளியால் குத்தினார். திருப்புளி எகிறியது. "கல்லுக்கா! கல்லு மாதிரி நிக்குது! உலர்ந்து கிடக்கு!"

"ஆகட்டும்," என்றார் நாற்காலியில் இருந்தவர்.

*

மேஸ்திரி இறங்கி வந்து விளக்கினார். பலகைக்கு அடியில் இருக்கிற இடுக்கு தவறிப்போன இடுக்கு இல்லை. வழி. எப்படி அடித்தாலும் கொஞ்சம் தண்ணீர் பின்னால் போகத்தான் செய்யும். உள்ளே அறையிலிருந்தும் ஈரம் சுவருக்குள் போகும். அது வடிந்து, காற்றுப் பட்டு, காய்ந்து வெளியே போக அந்த இடுக்குத்தான் வாசல்.

"நீங்க வாசலை மூடிட்டீங்கக்கா. கவுன்டர் மாதிரி."

டிக்கெட்டக்கா சிரிக்கவில்லை. அவளுக்கு அழுகையும் வரவில்லை. கோபம்தான் வந்தது, தன் மேல். அந்த அறையில் தினமும் வெந்நீர் வைத்து உடம்பு துடைத்திருக்கிறாள். மழை நாளில் ஈரத் துண்டுகளைக் கட்டில் காலுக்குக் கால் கயிறு கட்டிக் காயப் போட்டிருக்கிறாள். காற்றுப் படக்கூடாதென்று ஜன்னலைச் சாத்தியிருக்கிறாள். அத்தனை ஈரமும் சுவருக்குள்தான் போயிருக்கிறது. ஈரமான தோலை இறுக்கி மூடாதீர்கள், மூடினால் மேலே நன்றாகத் தெரியும், அடியில் அழுகும் என்று நர்ஸ் சொன்னபோது நன்றாகத் தலையாட்டினாள். மனுஷத் தோலுக்குக் கேட்டுக்கொண்டாள். வீட்டுத் தோல் என்று ஒன்று இருப்பது தோன்றவில்லை. சரி. தோன்றியிருந்தால் இவ்வளவு பட்டி மிச்சமாகியிருக்கும்.

"இன்னும் அரையடி உயரமாப் பிறந்திருந்தீங்கன்னா கூரை கீழே இறங்கி உட்கார்ந்திருக்கும்," என்றார் மேஸ்திரி.

"எங்க மாமியார் குள்ளச்சி குள்ளச்சின்னு கரிச்சுக் கொட்டினாங்க. இன்னிக்கு இருந்திருக்கணும்," என்றாள் டிக்கெட்டக்கா. "அதை விடுங்க. மேலே நல்லா இருக்குன்னா கீழே மட்டும் மாத்தலாமா, முடியாதா?"

"மாத்தலாம். ஒவ்வொரு காலா. முட்டுக் கொடுத்து, சொத்தையை வெட்டி, புதுக்கால் வெச்சு, நல்ல மரம் இருக்கிற உயரம் வரைக்கும் சேர்த்துப் போல்ட்டு முடுக்கி, அப்புறம் அடுத்த கால். ஒரே நேரத்தில ரெண்டைத் தொட மாட்டேன். ஆனா எனக்கு முட்டுக் கட்டையைப் பிடிக்க ஒரு ஆள் வேணும்."

எல்லோரும் மகளைப் பார்த்தார்கள். மகள் அப்பாவைப் பார்த்தாள். அவருடைய முஷ்டி நெஞ்சின் மேல் இருந்தது.

"இது எனக்குத் தெரியும்," என்றாள் மகள். சின்ன வயதில் படகுத்துறையில் பார்த்திருக்கிறாள். கொஞ்ச நேரம் காரையும் சுவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு கைப்பையிலிருந்து ஃபோனை எடுத்து, "நாலு நாள் லீவு சொல்றேன்," என்றாள். "சுவர் நிமிராட்டி அப்புறமும் கூட்டிட்டுப் போவேன். சொல்லிட்டேன்."

"சொல்லு, சொல்லு. முதல்ல செருப்பை மாத்து. ஆணி கிடக்கு."

அந்த நான்கு நாளும் மகள் முட்டுக் கட்டையைப் பிடித்தாள், பலகை தூக்கினாள், விரலில் சிராய் ஏற்றிக்கொண்டாள். இடையில் அப்பாவைப் புரட்டவும் கற்றுக்கொண்டாள். முதல் தடவை பலத்தால் தூக்கப் போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "தூக்காதே, உருட்டு. அவர் மூட்டை இல்லே, பீப்பாய்," என்றாள் அம்மா. அப்பா உள்ளங்கையால் கட்டிலைத் தட்டினார்: மெதுவாக. மூன்றாம் நாள் அவள் தனியாகவே புரட்டித் தலையணையும் வைத்துவிட்டு, "இதை நீ ராத்திரியும் செய்யறியா?" என்று கேட்டாள். அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். "மாசத்தில ரெண்டு சனி ஞாயிறு நான் வர்றேன். நீ தூங்கு," என்றாள் மகள். பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

கால்கள் மாறின, ஊறிய அட்டையும் மாறியது. அதன் மேல் தண்ணீர் இறங்காத கறுப்புத் தாளைப் போர்த்தினார்கள். தாளின் மேல் மெல்லிய சட்டங்களை நெடுக்காக அடித்தார்கள், பலகைக்குப் பின்னால் காற்றோட இடம் இருக்கட்டும் என்று. பலகைகளின் வெட்டு முனைக்கெல்லாம் ஈரம் ஏறாதிருக்கப் பிரைமர் பூச வேண்டும். அந்த வேலையை மேஸ்திரி சக்கர நாற்காலியிடம் கொடுத்தார். மடியில் சாக்கை விரித்து, இடது கையில் பிரஷைக் கொடுத்தார்கள். கைப் பயிற்சிக்கென்று ஆஸ்பத்திரியில் கொடுத்த ரப்பர் பந்தை மூலையில் வீசியெறிந்த மனிதர், ஒரு முனை விடாமல் பூசினார். சாக்கையும், வேட்டியையும், தன் மூக்கையும் சேர்த்துப் பூசினார்.

"அண்ணே, மூக்குக்கு ரெண்டாவது கோட்டு வேண்டாம்," என்றார் மேஸ்திரி.

"ஆகட்டும்."

கடைசி நாள் மதியமே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கால்களைச் சேர்ப்பதற்காகக் கழட்டிய மேல் பலகைகளில் மூன்று வரிசை பாக்கி. காற்று பலகையைக் கையிலிருந்து பிடுங்கப் பார்த்தது. மேஸ்திரி ஏணியில், மகள் கீழே, டிக்கெட்டக்கா முக்காலியில். கடைசிப் பலகைக்குக் கடைசி ஆணியை அடித்தபோது முதல் துளி மேஸ்திரியின் வழுக்கையில் விழுந்தது. "வந்துட்டாருப்பா விருந்தாளி," என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். பிறகு கொட்டியது. கடல் பக்கத்திலிருந்து சாய்ந்து வந்து புதுச் சுவரை மொத்து மொத்தென்று மொத்தியது.

கட்டிலைப் பழைய அறைக்கு மாற்றி, அவரைப் படுக்க வைத்தார்கள். டிக்கெட்டக்கா உட்சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். மூலைக்கு மூலை வைத்துப் பார்த்தாள். ஈரம் இல்லை. மகளும் வைத்துப் பார்த்தாள். மேஸ்திரி துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு, "டாக்டர்ங்க ரெண்டு பேரும் நாடி பார்த்தாச்சா?" என்றார்.

அப்போது காற்று வேகமெடுத்தது. சுவரில் மெல்ல, மிக மெல்ல, விசில் கேட்டது.

டிக்கெட்டக்காவின் வலது கை தானாக மடியில் எதையோ தேடியது. பட்டி டப்பா சமையலறை அலமாரியில் பாதி நிறைந்து இருந்தது. கட்டிலிலிருந்து அவர் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கை எழுந்தது, உள்ளங்கை விரிந்தது. நிறுத்து.

"எனக்குத் தெரியாதா?" என்று சீறினாள். போர்வையை அவர் தோள்வரை இழுத்துவிட்டாள். காதுக்கு ஒரு கம்பளித் தொப்பியைப் போட்டாள். "காத்து சுவருக்குள்ள போனா அது அதோட பாடு. உங்க காதுக்குள்ள போகாம நான் பார்த்துக்கறேன்."

பட்டி டப்பாவை மேஸ்திரியிடம் கொடுத்து அனுப்பினாள்.

"இதை நான் என்ன பண்ண?"

"ஜன்னல் கண்ணாடிக்கு வையுங்க. சுவர்ப் பக்கம் மட்டும் போகாதீங்க."

மறுநாள் காலை மழை ஓய்ந்திருந்தது. மகள் கிளம்புமுன் அப்பாவைத் துடைத்து, புரட்டி, முதுகைப் பார்த்து, "ஒண்ணும் இல்லே" என்று அம்மாவுக்குச் சொன்னாள். காரின் பின் இருக்கையில் ஏற்றியிருந்த அப்பாவின் பையை எடுத்து உள்ளே வைத்தாள். அவள் போன பிறகு டிக்கெட்டக்கா சக்கர நாற்காலியைத் தெருப் பக்கம் தள்ளிக்கொண்டு போய், தெருப் பக்கச் சுவர் முழுசாகத் தெரிகிற தூரத்தில் நிறுத்தி, சக்கரத்தைப் பூட்டினாள். முக்காலியைச் சுவரோரம் போட்டாள். பட்டித் தகட்டைக் கையில் எடுத்தாள். கீழ் வரிசையில் தன் கையால் வைத்த பட்டியின் முனையில் தகட்டைக் கொடுத்து நெம்பினாள். நீளமாக, வெள்ளை நாடாவைப் போல, கழன்று வந்தது. உள்ளேயிருந்து இரண்டு சொட்டு தண்ணீர் வடிந்து மண்ணில் விழுந்தது. ஆணித் தலை ஒன்றை, மேஸ்திரி விட்டுப்போயிருந்த பிடுங்கியால் கொஞ்சம் அசைத்துப் பார்த்தாள். கீச்சென்றது. இந்தச் சுவர் இன்னும் நல்ல மரம்தான்.

திரும்பிப் பார்த்தாள். அவர் விரலைச் சுழற்றினார். கிளம்பு.

அவள் அடுத்த வரிசைக்குப் போனாள்.